ஏலியாசிங்: ‘மறிவு’ வேண்டாம், ‘வேகப்புரட்டு’ இருக்கட்டும்

அண்ணாச்சிக்கு வணக்கம்.

ரத்த ஓட்டத்தை ஒலியலையால் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில், கருவியின் எல்லையை மீறி ரத்தம் வேகமாக ஓடினால் எதிர்த்திசையில் ஓடுவதுபோலத் திரையில் பொய்யாகத் தெரியுமே, அந்த ஏலியாசிங்குக்கு நீங்கள் சொன்ன ‘மறிவு’ நம்மூர்க் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. குளச்சலில் ‘வள்ளம் மறிஞ்சிட்டு’ என்றால் மேலே இருந்தது கீழே போய்விட்டது என்று சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். ஆனால் நோயாளி கையில் கொடுக்கும் தமிழ்க் குறிப்பில் இதை எழுதி, மதுரைக்காரர் ஒருவர் படித்தால்? அவருக்குச் சாலை மறியல்தான் நினைவுக்கு வரும். ரத்தக்குழாயை ஏதோ மறித்து நிற்கிறது என்று பயந்துவிடுவார். இல்லாத அடைப்பை நாமே உண்டாக்கிய பாவம் எதற்கு? முந்தைய மடலில் வந்த ‘மடிப்பு’க்கும் இதே கதிதான். கழுத்துத் தமனி நிஜமாகவே மடிந்து வளைந்திருப்பது உண்டு. இரண்டுக்கும் ஒரே பெயர் ஆகாது.

சங்கதி இதுதான். டாப்ளர் கருவி விட்டுவிட்டு ஒலித்துடிப்புகளை அனுப்புகிறது. நொடிக்கு எத்தனை துடிப்போ (பி.ஆர்.எஃப். என்பது அதுதான்), அதில் பாதி வரையிலான அதிர்வெண் மாற்றத்தைத்தான் (ஓடும் ரத்தத்தில் பட்டுத் திரும்பும் ஒலியில் வரும் மாற்றம், வேகம் கூடினால் அதுவும் கூடும்) அது சரியாக அளக்கும். 5 மெகாஹெர்ட்ஸ் புரோப் (உடலில் வைக்கும் கருவிமுனை), ஓட்டத்துக்கும் ஒலிக்கும் இடையே 60 டிகிரி கோணம், ரத்தம் நொடிக்கு 1 மீட்டர் என்று வையுங்கள்: மாற்றம் ஏறத்தாழ 3.2 கிலோஹெர்ட்ஸ். பி.ஆர்.எஃப். 5 கிலோஹெர்ட்ஸ் என்றால் எல்லை 2.5. அதைத் தாண்டிய அலைவரையின் கொண்டை வெட்டுப்பட்டு, திரையின் அடிவிளிம்பிலிருந்து முளைக்கும். ஓட்டத்தை நிறமாகக் காட்டும் கலர் டாப்ளரில் (புரோபை நோக்கி வந்தால் சிவப்பு, விலகினால் நீலம் என்று வைத்தால்) சிவப்பு மஞ்சளாகி, சட்டென்று வெளிர்நீலத்துக்குத் தாவும்.

ஓட்டம் நிஜமாகவே திரும்பினால் இரண்டு நிறத்துக்கும் நடுவே ஒரு கருப்பு இழை நிற்கும், வேகம் சுழியத்தைக் கடந்துதானே ஆக வேண்டும். (குழாய் வளைந்து புரோபை விட்டு விலகிப் போனாலும் அந்த இழை வரும், அது வேறு கதை.) தக்கலையிலிருந்து ஒரு பாட்டி, வேறோர் இடத்தில் எடுத்த கழுத்து ஸ்கேனோடு வந்தார். ‘எதிரோட்டம்’ என்று எழுதியிருந்தது. படத்தில் சிவப்புக்குள் நீலத் திட்டு, சுற்றி மஞ்சள், கருப்பு எங்கும் இல்லை. ஓரத்தில் கலர் ஸ்கேல் (புரளாமல் காட்டக்கூடிய உச்ச வேகம், பி.ஆர்.எஃப். ஏறினால் அதுவும் ஏறும்) நொடிக்கு 12 செ.மீ. என்று நிற்கிறது! கழுத்துத் தமனிக்கு அது எப்படிப் போதும்? நானே மறுபடி ஸ்கேன் பார்த்து ஸ்கேலை ஏற்றினேன், நீலம் போய்விட்டது.

அதனால்தான் ‘திசைப்புரட்டு’ என்ற யோசனையிலும் எனக்கு அரைமனதுதான். திசை புரள்வது கண்ணுக்குத் தெரிவது, காரணம் வேகம். ‘வேகப்புரட்டு’ என்று கேட்டால், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளின் கை தானாக ஸ்கேல் குமிழுக்குப் போகும். அது போதாவிட்டால் பேஸ்லைனை (வேகம் சுழியம் என்று காட்டும் கோட்டை) நகர்த்தலாம், குறைந்த அதிர்வெண் புரோப் எடுக்கலாம். ஆழமான குழாயில் துடிப்பு போய்த் திரும்ப நேரம் பிடிக்கும் என்பதால் பி.ஆர்.எஃப்.பை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. ஸ்கேலைக் கண்டபடி ஏற்றுவதும் ஆபத்து: மெல்ல ஓடும் சிரை நிறமே இல்லாமல், அடைபட்டதுபோலத் தெரியும்.

இப்படித் திரையில் பொய்யாகத் தெரிபவை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக ‘பிழை’ வேண்டாம், ‘பொய்யுரு’ என்கிறேன். சிறுநீரகக் கல்லின் பின்னால் நிறங்கள் மினுங்குகிறதே, அதுவும் பொய்தான்; ஆனால் கல்லைக் காட்டிக்கொடுக்கிற பொய், திருத்தக் கூடாது. அதற்கு ‘மினுக்கம்’. கெயின் (திரும்பி வரும் சமிக்ஞையைப் பெருக்கும் அளவு) கூடி நிறம் குழாய்ச்சுவரைத் தாண்டினால் ‘வழிவு’. காறை எலும்புக்குக் கீழே ஓடும் தமனிக்கு நுரையீரல் உறை இன்னொரு தமனியைக் காட்டினால் ‘ஆடியுரு’. இதில் யாருக்கும் சண்டை இருக்காது.

குடல் அசைந்தாலோ நோயாளி இருமினாலோ திரை முழுக்க ஒரு கணம் நிறம் அப்புமே, அதற்குத்தான் இன்னும் சொல் சிக்கவில்லை. ‘சிமிட்டல்’ என்றால் மினுக்கத்தோடு இடிக்கிறது. உங்களிடம் ஏதாவது இருந்தால் எழுதுங்கள் அண்ணாச்சி.