புது மானிட்டரில் ஒரே ஒரு கரும்புள்ளி, மாற்ற முடியாது என்கிறார்கள்

கோடைமழை:
போன வாரம் ஆன்லைனில் 24 இன்ச் ஃபுல் எச்டி மானிட்டர் வாங்கினேன். நேற்று ராத்திரி எக்செல்லில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தபோது நடுவில் ஏதோ ஒட்டியிருந்தது, எள்ளில் பாதிகூட இருக்காது, தூசி என்று துடைத்தேன், போகவில்லை. சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டால் "ஒரு புள்ளிக்கெல்லாம் வாரண்டி இல்ல சார், அஞ்சு வந்தா கூப்பிடுங்க" என்கிறார்கள். இப்படியும் ஒரு சட்டம் இருக்கிறதா?

பழைய மெக்கானிக்:
சட்டம் இல்லை தம்பி. ஐஎஸ்ஓ 9241-307 என்று ஒரு தரநிலை உண்டு, பத்து லட்சம் பிக்சலுக்கு, அதாவது திரைப் புள்ளிக்கு, எத்தனை பழுது இருக்கலாம் என்று வகுப்பு பிரித்திருக்கிறார்கள், எந்த வகுப்பு என்பதைக் கம்பெனிதான் முடிவு செய்கிறது. உங்கள் திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல், ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று குட்டிப் புள்ளிகள். முதலில் திரை முழுக்க ஒவ்வொரு நிறமாக வைத்துப் பாருங்கள். எல்லா நிறத்திலும் கறுப்பாகவே நின்றால் செத்த பிக்சல், அதற்கு வைத்தியம் கிடையாது. ஏதாவது ஒரு நிறத்தில் எரிந்துகொண்டே இருந்தால் சிக்கிய பிக்சல், நிறங்களை வேகமாக மாற்றி மாற்றி ஓடவிட்டால் சில சமயம் சரியாகும். விரலால் மட்டும் அழுத்தாதீர்கள், நான் அழுத்தி ஒரு புள்ளியைப் பெரிய கறையாக்கியவன்.

வாய்தா:
வாரண்டி வேறு, ரிட்டர்ன் வேறு. வாங்கி ஒரு வாரம்தானே, சர்வீஸ் சென்டரை விடுங்கள், வாங்கிய தளத்தில் "பழுதான பொருள்" என்று போட்டு ரிட்டர்ன் கேளுங்கள். 2020 இ-காமர்ஸ் விதிகளின்படி பழுதான பொருளைத் திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது, புகாருக்கு 48 மணி நேரத்தில் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்தில் முடிக்க வேண்டும். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிடுங்கள். அதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். உங்கள் ஊரிலேயே போடலாம், இரண்டு வருடம் அவகாசம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. ஆனால் ஒரு புள்ளி பழுதா இல்லையா என்று அங்கே வாதம் நடக்கும். அந்த "அஞ்சு" கணக்கு வாங்கும்போது தளத்தில் அந்தப் பொருளின் பக்கத்தில் எழுதியிருந்ததா என்று பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இல்லையென்றால் அதுதான் உங்கள் பிடி.

சும்மா_வந்தவன்:
நானும் இப்படித்தான் மாற்றினேன். புதிதாக வந்ததில் இரண்டு புள்ளி. ஆனால் ஓரத்தில், அதனால் விட்டுவிட்டேன்.

கோடைமழை:
பார்த்துவிட்டேன் அண்ணே, ஐந்து நிறத்திலும் கறுப்புதான். ரிட்டர்னுக்கு நாளை வரை நேரம் இருந்தது, போட்டாயிற்று. போட்டோ கேட்டார்கள், போன் கேமரா அந்தப் புள்ளியைப் பிடிக்கவே இல்லை, அப்புறம் வெளிச்சத்தைக் குறைத்துப் பக்கத்தில் மவுஸ் அம்பை நிறுத்தி எடுத்தேன். வியாழக்கிழமை எடுக்க வருகிறார்களாம், பெட்டி அப்படியே இருக்க வேண்டுமாம். தெர்மாகோலை மகன் உடைத்து விளையாடிவிட்டான், இப்போது செல்லோடேப் போட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.