திருவிழாவில் பெண்களைக் கௌரவிக்க யோசனை வேண்டும் (பொன்னாடை தவிர)

கடலோரத்தான்:
எங்கள் பங்குத் (ஊர்க் கத்தோலிக்கக் கோயில்) திருவிழாவுக்கு இன்னும் ஒரு மாதம். கோயிலுக்காகச் சத்தமில்லாமல் உழைக்கும் பெண்களைக் கௌரவிக்கும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். போன வருடம் பொன்னாடை போட்டோம். ஒரு அக்காவின் பெயரை மைக்கில் மூன்று தடவை கூப்பிட்டும் ஆள் வரவில்லை, போய்ப் பார்த்தால் பின்னால் பிரியாணி அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். அந்த ஈரக் கையோடு இழுத்து வந்து போட்டோ எடுத்தோம், எனக்கே கூச்சமாகிவிட்டது. வேறு என்ன செய்யலாம்?

மறைக்கல்வி டீச்சர்:
முதலில் யார் என்ன செய்கிறார்கள் என்று எழுதிப் பாருங்கள் தம்பி, பாதி உங்கள் கண்ணிலேயே பட்டிருக்காது. எங்கள் பங்கில் பீடத்துணி துவைக்கும் பாட்டி ஒருவர் உண்டு. திருப்பலியில் திராட்சை இரசம் ஆண்டவரின் இரத்தமாகிறது என்பது நம் விசுவாசம். அந்த இரசக்கிண்ணம் துடைத்த துணியை அலசும் முதல் தண்ணீரைச் சாக்கடையில் விடக்கூடாது என்பது முறை, ஆண்டவரின் இரத்தம் ஒரு துளி ஒட்டியிருக்கலாமே. அதைத் தனி வாளியில் எடுத்துப் போய் கெபிக்கு (குகை போன்ற சிற்றாலயம்) பின்னால் செம்பருத்தி மூட்டில் ஊற்றுவார். எத்தனையோ சாமியார்கள் மாறியாயிற்று, அந்த வாளி மட்டும் அப்படியே இருக்கிறது. நான் பார்த்ததே தற்செயலாகத்தான். அப்புறம் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்துக்கு வீடு வீடாகப் போய்க் கூப்பிடுகிறவர்கள், சாவு வீட்டில் விடிய விடியச் செபமாலை சொல்கிறவர்கள், நோயாளிகளைப் பார்க்கப் போகும் மரியாயின் சேனைக்காரர்கள்...

வடக்கன்குளத்துப் பேரன்:
2022இல், விசுவாசத்துக்காக உயிர்விட்ட தேவசகாயம் புனிதரானபோது ஊரெல்லாம் கொண்டாடினோம். அவருடைய மனைவி ஞானப்பூ அம்மாளின் கல்லறை எங்கள் ஊரில்தான் இருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? விழா மலரில் எழுதுங்கள் அண்ணே. ஐந்நூறு ரூபாய் கொடுத்தவர் பெயரெல்லாம் அதில் இருக்கும், துடைப்பம் பிடித்தவர் பெயர்தான் இருக்காது.

நேர்பேச்சு:
மலர் எல்லாம் சரி. சாமியாருக்கு ஆலோசனை சொல்லும் பங்குப் பேரவையில் எத்தனை பெண்கள் என்று முதலில் எண்ணுங்கள். புனித வியாழன் அன்று சாமியார் பன்னிரண்டு பேரின் பாதம் கழுவும் சடங்கில் பெண்களும் உட்காரலாம் என்று 2016லேயே போப் பிரான்சிஸ் மாற்றிவிட்டார். 2021இல் வாசகர், பீடத்துணைவர் பணிகளையும் அவர்களுக்குத் திறந்துவிட்டார். எங்கள் பங்கில் இன்னும் பன்னிரண்டு நாற்காலியிலும் வேட்டிதான். டீச்சர், அந்தப் பாட்டியை அடுத்த புனித வியாழனுக்கு முதல் நாற்காலியில் உட்கார வையுங்களேன்.

மறைக்கல்வி டீச்சர்:
சாமியாரிடம் கேட்கிறேன். பாட்டியைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டம்.

கடலோரத்தான்:
எல்லோருக்கும் நன்றி. மலருக்கு எழுத ஆரம்பித்துவிட்டேன். நேற்று அந்த அண்டா அக்காவிடமே போய் என்ன வேண்டும் என்று கேட்டேன். "மேடை எல்லாம் வேண்டாம் தம்பி, இந்த ஒரு வருஷமாவது சப்பரத்துக்குப் பின்னாடி நடக்கணும். பதினெட்டு வருஷமா அடுப்படியில நின்னே வேட்டுச் சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றார். ஆகவே இந்தத் தடவை பாத்திரம் இளையோர் இயக்கத்துப் பையன்கள் பொறுப்பு. அண்டா எத்தனை என்று ஒருவன் இப்போதே விசாரிக்கிறான்.