பி.ஃபார்ம் சிஓ அட்டைன்மென்ட்: இன்டர்னலில் 3, யுனிவர்சிட்டியில் 1. எங்கே இடிக்கிறது?

கல்வம்:
என்பிஏ-வுக்கு (படிப்புகளுக்குத் தர அங்கீகாரம் தரும் அமைப்பு) எஸ்ஏஆர் (சுயமதிப்பீட்டு அறிக்கை) தயார் செய்கிறோம். ஃபார்மகாலஜியில் எல்லா சிஓ-வுக்கும் (கோர்ஸ் அவுட்கம், பாடம் முடிந்ததும் மாணவருக்கு வர வேண்டிய திறன்) அட்டைன்மென்ட், அதாவது எட்டிய அளவு, இன்டர்னலில் உச்சமான 3 வருகிறது, யுனிவர்சிட்டி தேர்வில் 1தான். இன்டர்னல் 25-ஐ அப்படியே எக்செலில் போட்டு, 60 சதவீதம் தாண்டியவர்களை எண்ணினோம். வருகிற குழு முதலில் இதைத்தான் பிடிக்கும். வேறு எப்படிச் செய்வது?

வடிதாள்:
அந்த 25-ஐ விட்டுவிடுங்கள் சார். பிசிஐ (இந்திய ஃபார்மசி கவுன்சில்) விதிப்படி அதில் 10 தொடர் மதிப்பீடு; அதிலும் அட்டெண்டன்ஸுக்கே 4 வரை. தினமும் வகுப்புக்கு வந்தவனுக்குப் பீட்டா பிளாக்கர் தெரியும் என்று யார் சொன்னது?

மீதி 15 செஷனல், அதாவது செமஸ்டர் நடுவே கல்லூரி நடத்தும் தேர்வு. அதை மட்டும் எடுங்கள், 15-க்குச் சுருக்கும் முன் இருக்கும் 30-ஐ. வினாத்தாளிலேயே ஒவ்வொரு கேள்விக்கும் சிஓ எண் போட்டு, மதிப்பெண்ணைக் கேள்விவாரியாக ஏற்றுங்கள். சாய்ஸில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பெருவினா இரண்டில் ஒன்று என்றால், எழுதாத கேள்விக்கு 0 போடாமல் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். இரண்டு பெருவினாவும் ஒரே சிஓ-வில் இருக்கட்டும். இல்லாவிட்டால் கஷ்டமானதை வகுப்பே ஒதுக்கிவிடும், எழுதிய நாலு பேரை வைத்து 3 வந்து நிற்கும்.

பிப்பெட்:
மேலே சொன்னது சரி. கணக்கு இப்படி: 60, 70, 80 சதவீத மாணவர்கள் இலக்கைத் தொட்டால் முறையே 1, 2, 3 என்று வைத்துக்கொள்வோம். 60 பேரில் செஷனலில் 45 பேர் தொட்டால் 75 சதவீதம், அதாவது 2. யுனிவர்சிட்டியில் 39 பேர் என்றால் 65 சதவீதம், 1. 20:80 எடையில் 0.4 + 0.8 = 1.2. யுனிவர்சிட்டியிலிருந்து மொத்த மதிப்பெண் மட்டும் கிடைத்தால் எல்லா சிஓ-வுக்கும் அந்த 1 தான். எஸ்ஏஆரில் அப்படியே எழுதிவிடலாம்.

மேப்பிங்கையும் பாருங்கள், அதாவது எந்த சிஓ எந்த பிஓ-வுக்கு (புரோகிராம் அவுட்கம், முழுப் படிப்பும் தர வேண்டிய திறன்) எவ்வளவு உதவுகிறது என்ற அட்டவணையை. 11 பிஓ-வுக்கும் 3 நிரப்பிய அட்டவணையை யாரும் நம்ப மாட்டார்கள்.

கல்வம்:
நன்றி. செஷனலை மட்டும் வைத்துப் போட்டும் 3 வந்தால்?

வடிதாள்:
அப்போது கோளாறு வினாத்தாளில். எம்சிக்யூ-வை (சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள்) ஐட்டம் அனாலிசிஸ் செய்யுங்கள், அதாவது ஒவ்வொரு கேள்வியையும் தனியாக அலசுங்கள். 60 பேரில் அதிக மதிப்பெண் எடுத்த மேல் 27 சதவீதம் 16 பேர், கீழும் 16. மேலே 15 பேர் சரி, கீழே 14 பேர் சரி என்றால் வித்தியாசம் 1/16, சுமார் 0.06. 0.2-க்குக் கீழே போனால் அந்தக் கேள்வி படித்தவனையும் படிக்காதவனையும் பிரிக்கவில்லை. பெரும்பாலும் போன வருடத் தாளிலிருந்து அப்படியே வந்த கேள்வியாக இருக்கும். மாற்றிய கேள்வியையும் அடுத்த பேட்ச்சின் அட்டைன்மென்ட்டையும் ஒரே ஃபைலில் வையுங்கள், குழு அதைத்தான் கேட்கும்.