டாக்டர் டாலிமெரன் ஆவோ கால்பந்தை விட்டது எதனால்?

கௌதமபுரம் சேகர்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் தமிழ் மன்றத்தின் ஆண்டு மலருக்காக, 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியக் கால்பந்து அணிக்குத் தலைமை தாங்கிய டாக்டர் ஆவோவைப் பற்றி எழுதி வருகிறேன். தொடக்க விழாவில் தேசியக் கொடியை ஏந்திச் சென்றவரும் அவரே. பீலேவுக்குச் சிலை வைத்திருக்கும் எங்கள் பெங்களூரு கௌதமபுரத்தில்கூட அவர் பெயரை அறிந்த பிள்ளைகள் இல்லை. அவ்வளவு புகழோடு இருந்தவர் நாகா மலைப்பகுதியின் அரசு மருத்துவமனைக்குப் பணியாற்றச் சென்றதற்கு, அக்காலக் கால்பந்தில் வருமானம் இல்லாததே காரணம் என்கிறார் மன்றத்துப் பெரியவர் ஒருவர். அப்படியே எழுதிவிடலாமா?

அருள்மேரி, ஃபிரேசர் டவுன்:
வேண்டாம் ஐயா. வருமானம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அவர் வாழ்க்கையில் மருத்துவம் பிறகு வந்து சேர்ந்த பிழைப்பு அன்று. 1918இல் நாகா மலைப்பகுதியின் சாங்கி கிராமத்தில் பிறந்த அவர், மகன் மருத்துவராகித் தம் மக்களுக்குத் தொண்டு செய்ய வேண்டும் என்று விரும்பிய ஒரு போதகரின் பிள்ளை. தந்தை 1935இல் டைபாய்டு காய்ச்சலில் இறந்தார். குவஹாத்தி காட்டன் கல்லூரியில் படித்துவிட்டு, கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் (இன்றைய ஆர்.ஜி. கர்) பயின்றபோதுதான் அந்நகரின் மோகன் பகான் கால்பந்து அணிக்காக ஆடினார், அந்த அணிக்குத் தலைமையும் தாங்கினார். ஒலிம்பிக்குக்குப் போனபோது வயது முப்பது, எம்.பி.பி.எஸ். முடித்தது 1950இல். அதாவது, நாம் கொண்டாடும் அந்த அணித்தலைவர் தேர்வு எழுதி முடிக்காத ஒரு மருத்துவ மாணவர். எனவே உங்கள் கேள்வியையே திருப்பிப் போட்டு, படிப்புக்கு நடுவே இவ்வளவு ஆட்டம் எப்படி முடிந்தது என்று கேட்பதே பொருத்தம்.

ஓய்வுபெற்ற மருத்துவர், ஜெயநகர்:
அருள்மேரி அம்மா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கட்டுரையில் அவரைக் ‘கிராமத்து வைத்தியர்’ என்று எழுதிவிடாதீர்கள். கேட்க இனிமையாக இருக்குமே தவிர, சரியாக இருக்காது. திப்ருகர் மருத்துவக் கல்லூரியில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் பணியாற்றிவிட்டு, 1953இல் கோஹிமா அரசு மருத்துவமனைக்கு உதவி சிவில் சர்ஜனாக வந்தார். அன்று நாகாலாந்து என்றொரு மாநிலமே கிடையாது; அசாமின் ஒரு மாவட்டமாக இருந்த அந்த மலைகளில் சில ஆண்டுகளிலேயே தனிநாடு கோரும் ஆயுதப் போராட்டம் மூண்டு, 1958இல் ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டமும் வந்தது. 1963இல் மாநிலம் உருவான பிறகும் நீடித்த அந்தக் கொந்தளிப்பின் நடுவே, அதே மண்ணில் பிறந்த ஒருவர் அரசு மருத்துவராக இருப்பது எவ்வளவு நெருக்கடியானது என்பதை அரசுப் பணியில் இருந்தவர்கள் உணர்வார்கள். பின்னர் மாநிலச் சுகாதாரத் துறை இயக்குநராக உயர்ந்து, 1978இல் ஓய்வு பெற்றார். என்னைக் கேட்டால், மலரில் பாதிப் பக்கமாவது இந்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு ஒதுக்க வேண்டும்.

பழைய ரசிகன், அல்சூர்:
ஆட்டத்தைப் பற்றியும் இரண்டு வரி. அந்த ஒலிம்பிக்கில், ஜூலை 31 அன்று லண்டனை அடுத்த இல்ஃபோர்டில் பிரான்சிடம் 2–1 என்று தோற்றோம். இரண்டு பெனால்ட்டிகள் வீணாயின, பிரான்சின் வெற்றி கோல் கடைசி நேரத்தில் விழுந்தது. நம்மவர் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். பூட்ஸ் வாங்கப் பணமில்லை என்று பலர் எழுதுவது தவறு. அப்படி ஆடியே பழகியவர்கள் அவர்கள். இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் மைசூர் அணியின் சாரங்கபாணி ராமன், அதே ஒலிம்பிக் அணியில் நம் பெங்களூரு அகமது கானும் ஆடினார். நம் ஊர்ப் பிள்ளைகள் படிக்கப்போகும் மலர் என்பதால், ஆவோவின் படத்துக்குப் பக்கத்தில் இவ்விருவர் படங்களையும் அச்சிடுங்கள்.