பீன்யா சாயத்தண்ணிக்கு டைட்டானியா: அந்த 98 சதவீதம்

மாடிவெயில்: பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டை சாயப்பட்டறைங்க கழிவுத்தண்ணிக்கு இன்னும் ஆர்.ஓ. (உப்பைப் பிரிக்கிற சவ்வு வடிகட்டி), ஆவியாக்கின்னு காசைக் கரைச்சிட்டு இருக்கு. லிட்டருக்கு 1 கிராம் டைட்டானியா (டைட்டானியம் டை ஆக்சைடு, ஒளி பட்டா சாயத்தைச் சிதைக்கிற வெள்ளைப் பொடி), மொட்டை மாடியில தட்டு, பெங்களூரு வெயில், 90 நிமிஷம். சோதனைக்குப் போட்ட நீலச்சாயம் மெத்திலீன் ப்ளூ 98 சதவீதம் காலி. வேலை முடிஞ்சது.

நிறமாலை: எது காலி? சாயமா, நிறமா? அந்த நீலம் அதிகமா ஒளி உறிஞ்சுற 664 நானோமீட்டர்ல மட்டும் அளந்துட்டு 98ன்னா எப்படி சார்? சாய மூலக்கூறுலேர்ந்து மெத்தில் தொகுதி ஒவ்வொண்ணா கழலும்போது உறிஞ்சுற உச்சி குறைஞ்ச அலைநீளத்துக்கு நகரும். நீங்க 664லயே காவல் நின்னா, திருடன் பின்வாசல்ல போயிருப்பான். 500லேர்ந்து 750 வரைக்கும் ஸ்கேன் போடுங்க. வெளுத்த தண்ணியில காத்தும் அடிச்சுப் பாருங்க. நீலம் திரும்பினா அது சாயத்தோட நிறமில்லாத லூக்கோ வடிவம், சிதையவே இல்ல.

மாடிவெயில்: தண்ணி பளிங்கு மாதிரி இருக்கு. 98.

நிறமாலை: வெயில்ல வைக்கிறதுக்கு முன்னாடி இருட்டுல 30 நிமிஷம் கலக்கினீங்களா? இல்லைன்னா பொடி மேல சும்மா ஒட்டின சாயமும் உங்க 98ல சேர்ந்துடும். பொடி போடாத தட்டு ஒண்ணு பக்கத்துல வெச்சீங்களா? மெத்திலீன் ப்ளூ வெறும் வெயில்லயே கொஞ்சம் வெளுக்கும்.

கொங்குத்தறி: 2011ல திருப்பூர் பட்டறைகளை ஐகோர்ட் மூடச் சொன்ன கதையில நிறம் பாதி, உப்பு பாதி. டைட்டானியா ஒரு சிட்டிகை உப்பைக்கூட எடுக்காது. அப்ப ஆர்.ஓ.வை எங்க கழட்டுவீங்க?

மாடிவெயில்: எதுக்கெடுத்தாலும் திருப்பூரா? இது பெங்களூரு.

கொங்குத்தறி: பருத்திக்குப் போடுற ரியாக்டிவ் சாயம் ஊர் பார்த்தா உப்பு கேக்குது?

பழையபாக்கி: நிறமாலை சார் போன மழையில இதே வேலைக்கு சிங்க் ஆக்சைடுக்குக் கொடி பிடிச்சவரு. இப்ப டைட்டானியாவுக்கு வாத்தியார்.

நிறமாலை: சிங்க் ஆக்சைடு அமிலத்துலயும் கடுங்காரத்துலயும் கரையும்னு அதே விவாத இழையிலதான் சொன்னேன். படிச்சிட்டு வாங்க.

விஷயத்துக்கு வரேன். மெத்திலீன் ப்ளூ நேர்மின் சாயம். பட்டறையில ஓடுறது பெரும்பாலும் ரியாக்டிவ், எதிர்மின். சாயத்தொட்டி பி.எச். 10.5, 11. டைட்டானியாவோட நடுநிலைப் புள்ளி (பொடி மேல மின்னூட்டம் பூஜ்யமாகிற பி.எச்.) கிட்டத்தட்ட 6.5. அதுக்கு மேல பொடியும் எதிர்மின், சாயமும் எதிர்மின், ஒண்ணையொண்ணு தள்ளும். போதாததுக்கு சோடா சாம்பல்ல வர்ற கார்பனேட், சாயத்தைச் சிதைக்கிற ஹைட்ராக்சில் ராடிக்கலைத் தின்னுடும். அமிலம் விட்டு பி.எச்.சை 5க்கு இறக்கினா கார்பனேட் நுரைச்சு வெளியேறும், சரி. ஆனா சல்ஃப்யூரிக்னா சல்ஃபேட் ஏறும், அது ஆர்.ஓ. தலையில. இன்னொண்ணு: டைட்டானியா வேலை செய்ய 387 நானோமீட்டருக்குக் கீழ இருக்கிற ஒளி, அதாவது புற ஊதா, வேணும். வெயில்ல புற ஊதா 5 சதவீதம்கூடத் தேறாது. கருஞ்சாயத் தண்ணியில அதுவும் மேல சில மில்லிமீட்டரோட சரி, அடியில இருட்டு.

மாடிவெயில்: வெள்ளை எல்.ஈ.டி.லயும் நிறம் போகுதே! அப்ப 387 கதை பொய்யா?

நிறமாலை: சாயமே ஒளியை வாங்கி எலக்ட்ரானைப் பொடிக்குத் தள்ளுது. அது உங்க வினையூக்கியோட சாமர்த்தியம் இல்ல. நிறமே இல்லாத ஃபீனாலைப் போட்டுக் காட்டுங்க, ஒத்துக்கறேன்.

பழையபாக்கி: சாதா பீக்கர்ல புற ஊதா போகாதே, குவார்ட்ஸ் வேணும்னு யாருமே சொல்லல?

கொங்குத்தறி: திறந்த தட்டுக்கு எதுக்குய்யா குவார்ட்ஸ்?

நிறமாலை: 254 நானோமீட்டர் விளக்குக்குத்தான் குவார்ட்ஸ். 365ஐ சாதா பீக்கரோட போரோசிலிக்கேட் கண்ணாடி தாராளமா விடும்.

பழையபாக்கி: நான் பொதுவாச் சொன்னேன்.

மாடிவெயில்: சி.ஓ.டி.யும் (தண்ணியில மிச்சமிருக்கிற கழிவை ஆக்சிஜன் தேவையா அளக்கிற சோதனை) எடுக்கத்தான் போறேன். ஹைட்ரஜன் பெராக்சைடு கொஞ்சம் விட்டிருக்கேன், வேகத்துக்கு.

நிறமாலை: பெராக்சைடா! இதை இப்பத்தான் சொல்றீங்க. மிச்சம் இருந்தா அது சோதனையில போடுற டைகுரோமேட்டைத் தின்னு சி.ஓ.டி.யைக் கூட்டிக் காட்டும். கேட்டலேஸ் நொதி போட்டு பெராக்சைடை அழிச்சிட்டு எடுங்க, கூடவே டி.ஓ.சி.யும் (மொத்தக் கரிமக் கார்பன்). சரி, அந்த 98 பெராக்சைடு விட்டதுக்கு முன்னாடியா, பின்னாடியா?

மாடிவெயில்: 98ன்னா 98தான் சார்.

கொங்குத்தறி: தட்டுல தங்கின பொடியை எப்படிப் பிரிச்சீங்க, அதைச் சொல்லுங்க மொதல்ல.

பழையபாக்கி: திருப்பூர்ல எப்படிப் பிரிக்கிறாங்களாம்?