18 அடியா, 24 அடியா? எண்ணூர்ல இறக்க எந்த போட் சரிப்படும்?

திருவொற்றியூர்க்காரன்:
நானும் மச்சானும் பங்கு போட்டு ஒரு செகண்ட் ஹேண்ட் போட் வாங்கப் போறோம். தொழிலுக்கு இல்ல. ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட சுத்த, ஆசைக்கு ரெண்டு தூண்டில் போட. பார்த்து வெச்சதுல ஒண்ணு 18 அடி பௌரைடர் (முன்னாடியும் சீட் இருக்கற போட்), பின்னாடி வெளிய மாட்டின 90 எச்பி ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு இஞ்சின், 340 மணி நேரம் ஓடியிருக்கு. இன்னொண்ணு 24 அடி சென்டர் கன்சோல் (ஸ்டீயரிங் மேடை நடுவுல இருக்கற போட்), 200 எச்பி, 1,100 மணி நேரம். "வாங்கறதுதான் வாங்கறோம், பெருசா வாங்கு. வஞ்சிரத்துக்கு ஆழத்துக்குப் போவணும்"ங்கறான் மச்சான். எனக்கு சின்னதே போதும், ஆனா அலை தூக்கிப் போடுமோன்னு பயம். என்ன செய்யலாம்?

காசிமேட்டு மெக்கானிக்:
தம்பி, மொதல்ல பெட்ரோல் கணக்கு. முழுசா முறுக்கினா 90 எச்பி மணிக்கு 34 லிட்டர் கிட்ட குடிக்கும், 200 எச்பி 75. நிதானமா ஓட்டினா ஏறக்குறைய அதுல பாதி. ஒரு ஞாயிறு ரெண்டு மணி நேரம் இஞ்சின் ஓடுச்சுன்னு வை: சின்னதுல 34 லிட்டர், பெருசுல 75. லிட்டர் நூறு ரூபாய்னு போட்டுப் பாரு, மச்சானுக்கு வஞ்சிரத்தை மார்க்கெட்லயே வாங்கிக் குடுத்துடலாம். டேங்க்ல மூணுல ஒரு பங்கு போறதுக்கு, ஒரு பங்கு வர்றதுக்கு, மிச்சம் தொடக் கூடாது.

மஸ்கட் ரிட்டர்ன்:
அண்ணன் காசைப் பாக்கறாரு, நான் உசுரைப் பாக்கறேன். பௌரைடர்ல முன்னாடி உக்கார இடம் திறந்தே கிடக்கும். ஏரிக்குன்னு வந்த டிசைன் அது. எதிர்ல ஒரு அலை உடைஞ்சு உள்ள விழுந்தா அவ்ளோ தண்ணியும் காலடியில. முன்பக்கம் கனத்து, அடுத்த அலைக்கு எழும்பாது. 24 அடி, ஆழமான வி அடிப்பாகம்னா அலையை வெட்டிக்கிட்டுப் போகும். நான் பத்து வருஷம் ஓட்டினவன், பெருசுதான் சொல்வேன்.

எண்ணூர் படகுக்காரன்:
மஸ்கட் அண்ணே, அங்க மெரினா இருக்கும், கயிறை அவுத்தா கிளம்பிடலாம். இங்க கொசஸ்தலையாத்து முகத்துவாரம். அனல் மின் நிலையச் சாம்பலும் மணலும் சேர்ந்து திட்டு இடம் மாறிக்கிட்டே கிடக்கு. போன மாசம் போன வழி இந்த மாசம் இல்ல. எங்க ஃபைபர் படகு தரை தட்டுனா இஞ்சினைத் தூக்கிட்டு நாலு பேர் குதிச்சுத் தள்ளிடுவோம். உங்க 24 அடி இஞ்சினோட ரெண்டு டன் கிட்ட வரும். யார் தள்றது? அது தட்டி நிக்கிற நேரம் பின்னாடி அலை வந்தா பக்கவாட்டுல திருப்பிப் போட்டுடும்.

கரையில இறக்கறதும் யோசிங்க. டிரெய்லரோட மூணு டன், ஈர மணல்ல டிராக்டரே முக்கும்.

திருவொற்றியூர்க்காரன்:
அப்போ ரெண்டுமே வேணாமா? மச்சான் ரெண்டு நாளா பேசலை.

எண்ணூர் படகுக்காரன்:
அப்படிச் சொல்லலையே. இஞ்சின் இறக்கி இருக்கும்போது சின்னதுக்கு ரெண்டரை அடி தண்ணி வேணும், பெருசுக்கு மூணு. நம்ம பக்கம் ஏத்தவத்தம், அதான் கடல் தண்ணி ஏறி எறங்கற வித்தியாசம், ஒரு மீட்டர்தான். ஒரு மூங்கில் எடுத்துக்கிட்டு வத்தத்துல வாங்க, அளந்து பாத்துடலாம். சின்னதை வாங்கினாலும் உள்ள ஆத்தோட இருங்க. கடலுக்குன்னா காத்து கிளம்பறதுக்கு முன்னாடி காலைல போய்ட்டு வந்துடணும். அணியத்துல, அதான் முன்பக்கத்துல, யாரையும் உக்கார வைக்காதீங்க. ஐப்பசி, கார்த்திகை வாடைக்காத்துல கடல் பக்கம் திரும்பவே வேணாம். வடக்கே காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி, கப்பல் போற வழியில தூண்டில் போட்டுக்கிட்டு நிக்காதீங்க.

மஸ்கட் ரிட்டர்ன்:
மணல் திட்டு விஷயம் எனக்குத் தெரியாது, ஒத்துக்கறேன். ஆனா ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் கட்டாயம். கோஸ்ட் கார்டு நம்பர் 1554, கடலோரப் போலீஸ் 1093, ரெண்டையும் கன்சோல்லயே ஒட்டி வைங்க. பதிவு, இன்சூரன்ஸ் உங்க பேருக்கு மாறாம தண்ணியில இறக்காதீங்க.

திருவொற்றியூர்க்காரன்:
இன்னிக்குப் போனோம். மச்சானே மூங்கிலைப் புடிச்சான். நடு வழியில மூணு அடி, அஞ்சு தப்படி தள்ளி முட்டி அளவு. மூங்கிலை இழுத்தா நுனியில கறுப்புச் சேறு. மச்சான் அதையே பாத்துக்கிட்டு நின்னான், அப்புறம் "சின்னதே பாக்கலாம்"னான். இஞ்சின் பாக்க மெக்கானிக் அண்ணன் வருவீங்களா?

காசிமேட்டு மெக்கானிக்:
வரேன். லோயர் யூனிட் (இஞ்சினோட அடியில கியர் இருக்கற பகுதி) ஆயிலை எறக்கிப் பாக்கணும், பால் கலர்ல வந்தா தண்ணி ஏறிடுச்சுன்னு அர்த்தம். இஞ்சின் மாட்டியிருக்கற பின்பலகையைத் தட்டிப் பாக்கணும், சொத சொதன்னு சத்தம் வந்தா உள்ள கட்டை ஊறிப் போச்சு. ஓனர் கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிடு: நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணி வைக்க வேணாம். தொட்டா இஞ்சின் சில்லுனு இருக்கணும்.