தீப்பெருக்கி: ஒரு சொல் முன்மொழிவு

வணக்கம்.

குளோரின் தூள் வாளிக்கு நாம் தயாரிக்கும் தமிழ் எச்சரிக்கைச் சீட்டில் 'தீப்பற்றும் பொருள்' என்று போடலாம் என்ற யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தத் தூள், அதாவது கல்சியம் ஐப்போகுளோரைற்று, தான் எரியாமல் பக்கத்தில் இருப்பதை எரிய வைக்கும். 'தீப்பற்றும்' என்று வாசிப்பவர் நெருப்புப் பெட்டியைத் தள்ளி வைப்பார், எண்ணெய்க் கானை அங்கேயே விட்டுவிடுவார்.

இங்கே திருகோணமலையில் நிலாவெளி, உப்புவெளி விடுதிகளின் நீச்சல் குளத்துக்கும், மாரியில் மூதூர், கிண்ணியாப் பக்கம் வெள்ளம் புகுந்த கிணறுகளுக்கும் குளோரின்தான் போடுகிறோம். கொட்டிலில் அந்த வாளியும் படகு எஞ்சின் ஒயிலும் மண்ணெண்ணெயும் ஒரே மூலையில் இருக்கும். செறிவான தூளில் பிறேக் ஒயில் சிந்தினால் போதும், நெருப்புக்குச்சி இல்லாமலே புகைந்து பற்றிக்கொள்ளும்.

இப்படி மற்றதை எரிய வைக்கும் பொருளுக்கு நம் இலங்கைப் பாடநூலில் உள்ள 'ஒட்சியேற்றும் கருவி', தமிழகத்தின் 'ஆக்சிஜனேற்றி' இரண்டும் வகுப்பறையில் அப்படியே இருக்கட்டும். வாளியைத் தூக்குபவருக்கு அவை ஒன்றும் சொல்லாது. 'எரியூக்கி' அழகான சொல்தான். ஆனால் ஊக்கி என்றால் தாக்கத்தை விரைவாக்கிவிட்டுத் தான் மாறாமல் மிஞ்சுவது என்று பிள்ளைகள் படிக்கிறார்கள். இந்தத் தூளோ தாக்கத்தில் மாறிப்போகும்.

என் பரிந்துரை 'தீப்பெருக்கி'. ஒலிபெருக்கி தானாகப் பேசுவதில்லை, பேச்சைப் பெருக்குகிறது. அந்தச் சொல் எல்லோருக்கும் பழக்கம் என்பதால் விளக்கம் தேவைப்படாது. இத்தகைய பொருளுக்கு உரிய, வட்டத்தின் மேல் சுவாலை எரியும் குறியின் கீழே அதை அச்சிடலாம். வட்டமில்லாத வெறும் சுவாலை, தீப்பற்றும் பொருளுக்கு உரியது. இரண்டையும் குழப்பிக்கொள்ளும் ஆட்கள் நிறைய.

அப்புறம், அதே சீட்டின் முதலுதவி வரிகள். 'கண்ணைக் கழுவவும்' போதாது. இரண்டு தரம் தண்ணீர் அடித்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். 'இமையைத் திறந்து பிடித்து, ஓடும் நீரில் 15 நிமிடத்துக்குக் குறையாமல் கழுவுங்கள்' என்று வேண்டும். தோலில் பட்டால் உலர்ந்த தூளை முதலில் தட்டிவிட்டு, பிறகுதான் நிறையத் தண்ணீர். விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. 'நடுநிலையாக்கவும்' என்ற சொல்லைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அதைப் பார்த்து யாராவது தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ ஊற்றினால் குளோரீன் வாயு கிளம்பும். கழிவறை கழுவும் அமிலம் பட்டாலும் அதே கதிதான். கரைக்கும்போது தண்ணீரில் தூளைப் போட வேண்டும், தூளின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. இந்த வரி பெரிய எழுத்தில் வரட்டும்.

வாயுவைச் சுவாசித்தவருக்கான வரி இன்னும் நீளமாக இருக்கிறது: 'நல்ல காற்றுள்ள இடத்துக்குக் கூட்டிப்போய், நிமிர்த்தி இருக்க வைத்து, 1990 அம்புலன்சை அழையுங்கள்.' பொருள் குறையாமல் யாராவது சுருக்கித் தாருங்கள்.